நாக் திரைக்குள் வெளி நிறுவன மென்பொருள்: இணைப்பது எப்படி?

இரவு 2 மணிக்கு ஒரு மொபைல் டவரில் மின்சாரம் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஜெனரேட்டர் கிளம்பவில்லை. பேட்டரி நான்கு மணி நேரம் தாக்குப் பிடிக்கிறது. 6 மணிக்கு அந்த 48 வோல்ட் பேட்டரி 43 வோல்ட்டை நெருங்கியதும், பேட்டரி கெட்டுப்போகாமல் காக்கும் துண்டிப்பான் வேலை செய்து ரேடியோ கருவிகளை அணைத்துவிடுகிறது. அப்போதுதான் மொபைல் நிறுவனத்தின் கண்காணிப்புத் திரையில் 'சைட் டவுன்' என்று சிவப்பு விழுகிறது.

மின்சாரம் போனது 2 மணிக்கே ஒரு மென்பொருளுக்குத் தெரியும். ஆனால் அது டவர் நிறுவனத்தின் மென்பொருள். இந்தியாவில் பல டவர்கள் மொபைல் நிறுவனத்துக்குச் சொந்தமானவை அல்ல. இடம், கம்பம், மின்சாரம், பேட்டரி, ஜெனரேட்டர் எல்லாம் டவர் நிறுவனத்தின் பொறுப்பு. மேலே தொங்கும் ஆன்டெனாவும் அறைக்குள் இருக்கும் ரேடியோ கருவியும் மொபைல் நிறுவனத்தின் பொறுப்பு. இரண்டுக்கும் தனித்தனிக் கண்காணிப்பு மென்பொருள்கள். அவை ஒன்றோடொன்று பேசாததால் நான்கு மணி நேர முன்னெச்சரிக்கை வீணாகிப் போனது. அவற்றை எப்படிப் பேசவைப்பது என்பதை இந்த ஒரே உதாரணத்தைப் பிடித்துக்கொண்டு பார்ப்போம்.

நெட்வொர்க் மேலாண்மை மென்பொருளை என்.எம்.எஸ். என்பார்கள். அது உட்கார்ந்திருக்கும் அறை நெட்வொர்க் ஆபரேஷன்ஸ் சென்டர், பேச்சுவழக்கில் 'நாக்'. என்.எம்.எஸ்.ஸின் வேலைகளை ஐந்தாகப் பிரிப்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐ.டி.யு.வின் பழைய மரபு: பழுது, அமைப்பு, கணக்கு, செயல்திறன், பாதுகாப்பு. இந்த ஐந்தையும் ஒரே மென்பொருள் எல்லாக் கருவிகளுக்கும் செய்து முடிப்பது நடைமுறையில் அரிது. ஒவ்வொரு கருவித் தயாரிப்பாளரும் தன் கருவிக்கென்று ஒரு மென்பொருள் தருகிறார். பழுதைப் பதிவுசெய்து ஆள் அனுப்பும் டிக்கெட் போட ஒன்று, வரைபடம் காட்ட ஒன்று, மின்சாரத்தைக் கவனிக்க ஒன்று என்று வாங்கிச் சேர்க்கிறோம். 1990களில் எச்.பி. ஓப்பன்வியூ பரவலாக இருந்தபோதே இது நடந்தது: சிஸ்கோ கருவிகளுக்கான சிஸ்கோவொர்க்ஸ் மென்பொருளை ஓப்பன்வியூவின் மெனுவில் சேர்த்துக்கொண்டு, வரைபடத்தில் ஒரு ரௌட்டரைத் தொட்டால் அங்கிருந்தே அதைத் திறக்கும் வசதியை வைத்திருந்தார்கள். மென்பொருள்கள் பேசிக்கொள்ளும் முறைகளான நெறிமுறைகள் இன்று வேறு, ஆனால் தேவை அதேதான்.

இணைப்பு என்ற ஒரே சொல்லுக்குள் நான்கு வேறு வேலைகள் ஒளிந்திருக்கின்றன. நாக் திரையிலிருந்து மற்ற மென்பொருளைத் திறப்பது முதலாவது. அதன் அலாரங்களை நம் திரைக்குக் கொண்டுவருவது இரண்டாவது. அளவீடுகள், சாதனப் பட்டியல் போன்ற தரவைப் பரிமாறுவது மூன்றாவது. ஒரு மென்பொருள் இன்னொன்றின் மூலம் கருவியை மாற்றியமைப்பது நான்காவது. கீழே போகப்போக ஆபத்து கூடும். கூட்டத்தில் யாராவது "ஒருங்கிணைத்துவிடுங்கள்" என்று சொன்னால், இந்த நான்கில் எது என்று முதலில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். டவர் மின்சார உதாரணத்துக்குத் தேவை இரண்டாவது. கூடவே முதலாவதில் கொஞ்சம்.

பெயர்ப் பட்டியல்தான் முதல் வேலை

புதிதாக வருபவர்கள் நெறிமுறையில் தொடங்குவார்கள்: கருவி மேலாண்மைக்கான எஸ்.என்.எம்.பி.யா, வலை வழியாகக் கேட்டுப் பெறும் ரெஸ்ட் ஏ.பி.ஐ.யா, செய்திகளை வரிசையாகக் கடத்தும் காஃப்காவா? அது இரண்டு வாரத்தில் தீர்ந்துவிடும் கேள்வி. மாதக்கணக்கில் இழுப்பது வேறொன்று: டவர் நிறுவனம் ஒரு பெயரில் அழைக்கும் இடத்தை மொபைல் நிறுவனம் வேறு பெயரில் அழைக்கிறது. அங்கே 1187342, இங்கே 0456. இரண்டும் ஒரே இடம்தான் என்று எந்த நெறிமுறையும் சொல்லித் தராது. அலாரம் சரியாக வந்து சேரும். எந்த சைட்டின் தலையில் அதை வைப்பது என்றுதான் தெரியாது.

ஆகவே ஒரு வரி நிரல் எழுதும் முன்பே ஒரு பட்டியல் வேண்டும். டவர் நிறுவனத்தின் எண், நம் (அதாவது மொபைல் நிறுவனத்தின்) சைட் எண், அட்சரேகை, தீர்க்கரேகை, இந்தப் பொருத்தம் எந்தத் தேதியிலிருந்து செல்லும், எந்தத் தேதியோடு முடிந்தது. கடைசி இரண்டு தேதிகளையும் பலர் விட்டுவிடுகிறார்கள். சைட் ஒரு டவரிலிருந்து பக்கத்து டவருக்கு இடம் மாறும்போது பழைய வரியை அழித்துவிட்டால், சென்ற மாத அலாரங்களின் கணக்கு குழம்பிவிடும். அழிக்காமல் முடிவுத் தேதி போட்டு, புதிய வரியைச் சேருங்கள்.

இந்தப் பட்டியலில் வழக்கமாக நேரும் கோளாறுகள் மிகச் சாதாரணமானவை. அதனால்தான் கண்ணில் படுவதில்லை. எக்செலில் திறந்து சேமித்ததும் 0456 என்பது 456 ஆகிவிடும். பெயரின் கடைசியில் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாது, பொருத்தம் மட்டும் விழாது. அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறியிருக்கும். ஒரே டவரில் மூன்று மொபைல் நிறுவனங்கள் இருப்பது இயல்பு. ஒரே நிறுவனமே ஒரு டவரில் இரண்டு சைட் எண்களை வைத்திருப்பதும் உண்டு. அப்போது ஒரு மின்சார அலாரம் நம் பக்கத்தில் இரண்டு சைட்டுகளுக்குப் போக வேண்டும். 'ஒன்றுக்கு ஒன்று' என்று கருதி எழுதிய நிரல் இங்கே முறியும். அமைவிடத்தை வைத்துத் தானாகப் பொருத்தலாமே என்று தோன்றும். நகரத்தில் அடுத்தடுத்த மொட்டைமாடிகளில் டவர்கள் நிற்கும்போது அது தவறான சைட்டைப் பிடித்துவிடும். அமைவிடத்தைச் சரிபார்க்க மட்டும் பயன்படுத்துங்கள், பொருத்த அல்ல.

பட்டியலில் இல்லாத எண்ணோடு ஓர் அலாரம் வந்தால் என்ன செய்வது? தூக்கி எறியாதீர்கள். 'பொருந்தாதவை' என்று ஒரு தனிக் கூடையில் போட்டு, அதன் எண்ணிக்கையைத் திரையில் காட்டுங்கள். அந்த எண் நாளுக்கு நாள் ஏறினால் புதிய சைட்டுகள் பட்டியலில் சேராமல் இருக்கின்றன என்று பொருள். இந்தப் பட்டியலுக்குப் பொறுப்பாளர் ஒருவர் இரு நிறுவனங்களிலும் இருக்க வேண்டும். அவர் இல்லாத இணைப்பு ஆறு மாதத்தில் பழுதாகும்.

அலாரம் வரும் பாதை

டவர் நிறுவனத்தின் மென்பொருள் அலாரத்தை வெளியே அனுப்ப இரண்டு வழிகள் வைத்திருக்கும். பழையது எஸ்.என்.எம்.பி. டிராப். கருவியோ மென்பொருளோ யு.டி.பி. என்ற அனுப்பும் முறையில் 162 என்ற போர்ட்டுக்கு ஒரு சிறு செய்தியை எறிகிறது. அது போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பதில்லை. வழியில் தொலைந்தால் தொலைந்ததுதான். எஸ்.என்.எம்.பி.யின் இரண்டாம் பதிப்பிலிருந்து 'இன்ஃபார்ம்' என்றொரு வகை உண்டு. அது பதில் வரும்வரை மீண்டும் அனுப்பும். இரு பக்கமும் இன்ஃபார்மைக் கையாளும் என்றால் அதையே கேளுங்கள். புதிய வழி எச்.டி.டி.பி. மேல் ஓடும் ஏ.பி.ஐ. தொலைத்தொடர்புத் துறைக்கென்று டி.எம். ஃபோரம் என்ற அமைப்பு வகுத்தவற்றில் அலாரத்துக்கு டி.எம்.எஃப். 642, டிக்கெட்டுக்கு 621, சாதனப் பட்டியலுக்கு 639 என்ற எண்கள் புழக்கத்தில் இருக்கின்றன. மென்பொருளை விற்கும் வெண்டர் "642 ஆதரிக்கிறோம்" என்றால் அதோடு விடாதீர்கள். எந்தப் பதிப்பு, எந்தெந்தப் புலங்களை உண்மையில் நிரப்புகிறார், அறிவிப்பைத் தானே அனுப்புவாரா அல்லது நாம்தான் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டுமா என்று கேளுங்கள்.

டிராப் வழியில் வரும் பழக்கமான சிக்கல்கள் மூன்று. ஒன்று, எம்.ஐ.பி. கோப்பு. டிராப்பில் 1.3.6.1.4.1 என்று தொடங்கும் எண் தொடர்தான் வரும். அதை 'ரெக்டிஃபையர் (ஏ.சி. மின்சாரத்தை டி.சி.யாக மாற்றும் கருவி) பழுது' என்று படிக்க இந்த அகராதிக் கோப்பு வேண்டும். அந்தக் கோப்பு வேறு இரண்டு மூன்று கோப்புகளைச் சார்ந்திருக்கும். அவற்றை முதலில் ஏற்றாவிட்டால் இதுவும் ஏறாது. வெண்டரிடம் எல்லாச் சார்புக் கோப்புகளையும் சேர்த்து, மென்பொருள் பதிப்பைக் குறிப்பிட்டு வாங்குங்கள்.

இரண்டாவது, அனுப்பியவர் யார் என்ற குழப்பம். ஐயாயிரம் டவர்களின் அலாரங்களும் டவர் நிறுவனத்தின் ஒரே சர்வரிலிருந்து வருகின்றன. என்.எம்.எஸ். வந்த ஐ.பி. முகவரியைப் பார்த்து, எல்லா அலாரங்களையும் அந்த ஒற்றைச் சர்வரின் பெயரிலேயே குவித்துவிடும். டிராப்பின் உள்ளே இருக்கும் சைட் எண்ணை எடுத்து அதன்படி பிரிக்கச் சொல்லி என்.எம்.எஸ்.ஸில் விதி எழுத வேண்டும். புதிதாக இணைத்த முதல் நாளில் எந்த சைட்டிலும் அலாரம் இல்லை, ஆனால் ஒரு சர்வர் மட்டும் செக்கச் சிவந்திருக்கிறது என்றால் காரணம் இதுதான்.

மூன்றாவது, எஸ்.என்.எம்.பி. மூன்றாம் பதிப்பின் பாதுகாப்பு. அதில் அனுப்புபவருக்கு என்ஜின் ஐ.டி. என்ற அடையாளமும், எத்தனை முறை மறுதொடக்கம் ஆனது என்ற கணக்கும், கடிகாரமும் உண்டு. கணக்கு தான் அறிந்ததைவிடக் குறைந்தாலோ நேரம் 150 வினாடிக்கு மேல் பின்தங்கினாலோ பெறுபவர் செய்தியை நிராகரிப்பார். சர்வரைப் பழைய பிரதியிலிருந்து மீட்டால் மறுதொடக்கக் கணக்கும் பின்னோக்கிப் போய்விடும். அதன் பிறகு டிராப்புகள் போர்ட்டு வரை வந்து சேர்வது, நெட்வொர்க்கில் போகும் செய்திகளைப் பிடித்துப் பார்க்கும் பாக்கெட் பிடிப்பில் தெரியும், என்.எம்.எஸ்.ஸில் ஒன்றும் தெரியாது. கடவுச்சொல்லை மாற்றி மாற்றிப் பார்த்து ஒரு நாளைத் தொலைக்கும் இடம் இது.

தீவிரத்தை எண்ணால் மாற்றாதீர்கள்

அலாரத்தின் தீவிரம் ஒவ்வொரு மென்பொருளிலும் ஒவ்வோர் எண். ஐ.டி.யு.வின் எக்ஸ்.733 ஆறு நிலைகளைச் சொல்கிறது: கிரிட்டிக்கல், மேஜர், மைனர், வார்னிங், இன்டிடர்மினேட் (தீவிரம் தெரியாதது), கிளியர்டு (சரியானது). இவற்றை எஸ்.என்.எம்.பி.க்குக் கொண்டுவந்த இணையத் தர ஆவணமான ஆர்.எஃப்.சி. 3877-இல் கிளியர்டுக்கு 1, கிரிட்டிக்கலுக்கு 3, வார்னிங்குக்கு 6. திறமூல மென்பொருளான ஓப்பன்என்.எம்.எஸ்.ஸில் 3 என்றால் 'நார்மல்', கிரிட்டிக்கலுக்கு 7. கருவிகளின் பதிவுக் குறிப்பு முறையான சிஸ்லாக்கிலோ திசையே வேறு: 0 மிகக் கொடியது, 7 வெறும் பிழைதேடல் குறிப்பு. எண்ணை அப்படியே கடத்தினால், அங்கே கிரிட்டிக்கலாகப் புறப்பட்ட 3 இங்கே 'எல்லாம் நலம்' என்று பச்சையில் வந்து இறங்கும். பிழைச் செய்தி எதுவும் வராது. ஆகவே இரு மென்பொருள்களுக்கும் நடுவில் செய்தியை மாற்றித் தரும் இடைத்தரகு நிரலில் சொல்லுக்குச் சொல் எழுதிய அட்டவணை இருக்கட்டும். அட்டவணையில் இல்லாத மதிப்பு வந்தால் அதை இன்டிடர்மினேட் ஆக்கி, பதிவேட்டிலும் எழுதட்டும்.

அதோடு, டவர் நிறுவனத்துக்கு எது கிரிட்டிக்கலோ அது மொபைல் நிறுவனத்துக்கும் அப்படியே இருக்க வேண்டியதில்லை. மின்சாரம் போய் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தால் நாக் ஆபரேட்டர் செய்வதற்கு ஒன்றுமில்லை. அது தகவல் மட்டுமே. மின்சாரம் போய் ஐந்து நிமிடத்தில் ஜெனரேட்டர் கிளம்பவில்லை என்றால் மேஜர். பேட்டரி மின்னழுத்தம் தாழ்நிலைக்கு வந்துவிட்டால் கிரிட்டிக்கல், உடனே தொலைபேசியை எடுக்க வேண்டும். இந்த விதிகளை இடைத்தரகு நிரலுக்குள் புதைக்க வேண்டாம், என்.எம்.எஸ்.ஸின் விதிப் பகுதியில் வையுங்கள் என்பதே எங்கள் உறுதியான கருத்து. ஐந்து நிமிடத்தைப் பத்தாக்க விரும்பும் ஷிப்டு மேற்பார்வையாளர் நிரலாளரைத் தேடிப் போகும் நிலை வரக்கூடாது.

நேரமும் இதே வகைச் சிக்கல்தான். ஒரு பக்கம் உலகப் பொது நேரம், மறுபக்கம் இந்திய நேரம் என்றால் அலாரங்கள் சரியாக 5 மணி 30 நிமிடம் விலகித் தெரியும். அந்த அளவைக் கண்டாலே காரணம் புரிந்துவிடும். எஸ்.என்.எம்.பி.யின் தேதி-நேர வடிவம் 8 பைட்டாகவும் வரலாம், 11 பைட்டாகவும் வரலாம். 8 பைட்டில் நேர மண்டலம் இருக்காது. 8 வந்தால் அது எந்த ஊர் நேரம் என்று வெண்டரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அலாரம் நிகழ்ந்த நேரம், நம்மிடம் வந்து சேர்ந்த நேரம் இரண்டையும் தனித்தனியாகச் சேமியுங்கள். இரண்டுக்கும் இடைவெளி கூடிக்கொண்டே போனால் வழியில் எங்கோ வரிசை தேங்குகிறது.

அலாரத்தின் முடிவு

தொடங்கும் அலாரத்தைக் கொண்டுவருவது எளிது. அது முடிந்ததைச் சரியாகக் கொண்டுவருவதுதான் கடினம். மின்சாரம் திரும்பிய பிறகும் சிவப்பாகவே நிற்கும் அலாரங்கள் நூறு சேர்ந்தால், ஆபரேட்டர் அந்தப் பகுதியைப் பார்ப்பதையே நிறுத்திவிடுவார். அதன் பிறகு இணைப்பு இருந்தும் பயனில்லை.

ஒவ்வோர் அலாரத்துக்கும் ஓர் அடையாளச் சாவி வேண்டும். ஓப்பன்என்.எம்.எஸ். இதை 'ரிடக்‌ஷன் கீ' என்கிறது. சைட், அதற்குள் எந்தப் பொருள், என்ன பிரச்சினை ஆகிய மூன்றும் சேர்ந்தது சாவி: 0456, ரெக்டிஃபையர் 2, பழுது. அதே சாவியோடு மீண்டும் வந்தால் புதிய வரி வேண்டாம். இருக்கும் வரியின் எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டினால் போதும். அதே சாவியோடு 'சரியாகிவிட்டது' என்று வந்தால் அந்த வரி முடிகிறது.

சாவியில் இரு பக்கமும் தவறு செய்யலாம். அதில் மின்னழுத்த மதிப்பையோ நேரத்தையோ சேர்த்துவிட்டால் 46.1 வோல்ட் ஓர் அலாரம், 46.0 வோல்ட் இன்னோர் அலாரம் என்று திரை நிறைந்துவிடும்; எதுவும் முடியாது. மாறாக ரெக்டிஃபையர் எண்ணை விட்டுவிட்டால், இரண்டாவது ரெக்டிஃபையர் சரியானதும் முதலாவதின் பழுதும் சேர்ந்து மறைந்துவிடும். இரண்டாவது தவறு மோசமானது, ஏனென்றால் திரை சுத்தமாகத் தெரியும்.

யு.டி.பி.யில் வரிசை மாறுவதும் உண்டு. மின்சாரம் ஒரு வினாடி போய்த் திரும்பினால், 'திரும்பியது' முன்னாலும் 'போனது' பின்னாலும் வந்து சேரலாம். வந்து சேர்ந்த வரிசையை நம்பும் மென்பொருள் அந்த அலாரத்தை நிரந்தரமாகச் சிவப்பிலேயே வைத்துவிடும். நிகழ்ந்த நேரத்தையோ தொடர் எண்ணையோ ஒப்பிட்டே நிலையை மாற்ற வேண்டும். மின்சாரம் அடிக்கடி போய்ப்போய் வரும் ஊர்களுக்கு ஒரு தாமதமும் தேவை: மின்சாரம் போன அலாரம் 120 வினாடி நிலைத்த பிறகே திரைக்கு வரட்டும். கதவு திறந்த அலாரத்துக்கு இந்தத் தாமதத்தைப் போட வேண்டாம். பேட்டரி திருடுபவருக்கு இரண்டு நிமிடம் போதும்.

எவ்வளவு கவனமாக எழுதினாலும் சில செய்திகள் தொலையும். இணைப்பு அரை மணி நேரம் அறுந்தால் அந்த அரை மணியின் 'சரியாகிவிட்டது' எதுவும் வராது. ஆகவே மறுஒத்திசைவு இல்லாத இணைப்பை ஏற்காதீர்கள். இப்போது உயிரோடிருக்கும் அலாரங்களின் முழுப் பட்டியலை அந்த மென்பொருளிடம் கேட்டு வாங்க வழி இருக்க வேண்டும். மொபைல் தரங்களை வகுக்கும் 3ஜி.பி.பி.யின் மேலாண்மை இடைமுகங்களிலும், ஆர்.எஃப்.சி. 8632 என்ற, யாங் மொழியில் எழுதிய 2019ஆம் ஆண்டு அலாரம் மாதிரியிலும் இதற்கு இடமுண்டு. பட்டியலை வாங்கி, அதில் இருக்கிறது ஆனால் நம்மிடம் இல்லை என்பவற்றைத் திறக்கிறோம். நம்மிடம் இருக்கிறது ஆனால் அதில் இல்லை என்பவற்றை மூடுகிறோம். இணைப்பு மீண்டதும் ஒரு முறை, அது தவிர நாளுக்கு ஒரு முறை செய்தால் போதும்.

இந்த 'மூடுகிறோம்' என்ற படியில்தான் பெரிய விபத்து காத்திருக்கிறது. ஏ.பி.ஐ. பட்டியலைப் பக்கம் பக்கமாகத் தரும். முதல் பக்கத்தில் 100 வரிகள் வாங்கிக்கொண்டு அதுவே முழுப் பட்டியல் என்று நினைத்தால், மீதி அலாரங்கள் எல்லாம் ஒரே நொடியில் மூடப்படும். அந்தப் பக்கத்துத் தரவுத்தளம் படுத்திருக்கும்போது 200 என்ற வெற்றிக் குறியோடு காலிப் பட்டியலைத் தரும் மென்பொருள்களும் உண்டு. ஒரு காவல் விதி வையுங்கள்: மறுஒத்திசைவு திறந்திருக்கும் அலாரங்களில் பாதிக்கு மேல் மூடப் பார்த்தால், மூடாமல் நின்று ஓர் ஆளைக் கேட்கட்டும்.

அடுத்தது மௌனம். அலாரம் வரவில்லை என்றால் எல்லா டவரும் நலமாக இருக்கின்றனவா, அல்லது இணைப்பே செத்துக் கிடக்கிறதா? இரண்டும் திரையில் ஒரே மாதிரி இருக்கும். டவர் நிறுவனத்தின் மென்பொருள் 60 வினாடிக்கு ஒரு முறை 'உயிரோடிருக்கிறேன்' என்று ஒரு துடிப்புச் செய்தி அனுப்பட்டும். மூன்று துடிப்பு தொடர்ந்து தவறினால் என்.எம்.எஸ். தானே ஓர் அலாரம் எழுப்பட்டும். அந்தத் துடிப்பு, உண்மை அலாரங்கள் போகும் அதே வரிசை வழியாக வர வேண்டும். தனிப் பாதையில் வரும் துடிப்பு, வரிசை அடைத்துக் கிடக்கும்போதும் நலமென்றே சொல்லிக்கொண்டிருக்கும்.

திறப்பதும் டிக்கெட் போடுவதும்

அலாரத்தின் மேல் வலது சொடுக்கு செய்தால் டவர் நிறுவனத்தின் திரை அதே சைட்டின் பக்கத்தில் திறக்க வேண்டும். முகப்புப் பக்கத்தில் திறந்து, ஆபரேட்டர் மீண்டும் எண்ணைத் தட்டித் தேடும்படி இருந்தால் பாதி வேலைதான் ஆகியிருக்கிறது. யு.ஆர்.எல்.லில் சைட் எண்ணை வைத்தாலே போதும். அந்தப் பக்கத்து எண்ணை வைக்க வேண்டும், நம் எண்ணை அல்ல. மீண்டும் பெயர்ப் பட்டியல்தான். பெயரில் சாய்கோடு இருந்தால் அதைக் குறியீடாக மாற்றி அனுப்புங்கள், இல்லையென்றால் யு.ஆர்.எல். அந்த இடத்திலேயே இரண்டாக உடையும். அதை உலாவியின் தனித் தத்தலில் (டேப்) திறப்பது நல்லது. நம் திரைக்குள்ளேயே ஒரு சட்டமாக (ஃப்ரேம்) பதிக்க முயன்றால், எக்ஸ்-ஃப்ரேம்-ஆப்ஷன்ஸ் போன்ற பாதுகாப்புத் தலைப்புகள் தடுத்து வெற்றுப் பெட்டிதான் தெரியும். நுழைவுக்குப் பொதுக் கடவுச்சொல் ஒன்றை யு.ஆர்.எல்.லில் எழுதி வைப்பதை எக்காரணத்தாலும் செய்யாதீர்கள். சாம்ல் அல்லது ஓப்பன் ஐ.டி. கனெக்ட் வழியாக ஒற்றை உள்நுழைவு கேளுங்கள்.

டிக்கெட் மென்பொருளோடு இணைக்கும்போது ஒரு விதியை மறக்கக்கூடாது: கோரிக்கை காலாவதியானது என்பதற்கு டிக்கெட் உருவாகவில்லை என்று பொருளல்ல. நாம் அனுப்பினோம், அங்கே உருவானது, பதில் வரும் வழியில் தொலைந்தது. நாம் மீண்டும் அனுப்புகிறோம்; இரண்டு டிக்கெட், இரண்டு வண்டிகள், ஒரே டவருக்கு. ஒவ்வொரு கோரிக்கையிலும் நம் அலாரத்தின் எண்ணை வெளி அடையாளமாக வைத்து, அதே எண்ணோடு டிக்கெட் இருந்தால் புதிதாக உருவாக்காதே என்று அந்தப் பக்கம் ஒப்புக்கொள்ள வேண்டும். 429 (கோரிக்கைகள் மிகுதி) அல்லது 503 (சேவை இப்போது இல்லை) என்ற பதில் வந்தால் உடனே திரும்ப முட்டாமல் 1, 2, 4, 8 வினாடி என்று இடைவெளியைப் பெருக்கிக்கொண்டே போங்கள். இருவழியாக இணைத்தால் எதிரொலிச் சுழலும் வரும்: அலாரம் மாறியதால் டிக்கெட் மாறுகிறது, டிக்கெட் மாறியதால் அலாரத்தில் குறிப்பு ஏறுகிறது, குறிப்பு ஏறியதால் டிக்கெட் மீண்டும் மாறுகிறது. யார் செய்த மாற்றம் என்ற முத்திரையை ஒவ்வொன்றிலும் வைத்து, தன்னால் வந்த மாற்றத்தைத் தானே கண்டுகொள்ளாமல் விடச் செய்யுங்கள்.

அளவீடுகளைப் பற்றிச் சுருக்கமாக. ஒவ்வொரு வெளி மென்பொருளும் நம் ரௌட்டர்களை நேரடியாகக் கேட்கத் தொடங்கினால் கருவியின் செயலிதான் திணறும். என்.எம்.எஸ். ஒரு முறை கேட்கட்டும். மற்றவை அதனிடம் வாங்கிக்கொள்ளட்டும். 15 நிமிடக் கோப்புகளாகப் பரிமாறினால், எழுதிக்கொண்டிருக்கும்போது தற்காலிகப் பெயர், முடிந்ததும் உண்மைப் பெயர் என்று மாற்றச் சொல்லுங்கள். பாதிக் கோப்பைப் படிக்கும் சிக்கல் அதோடு தீரும். வெளி மென்பொருள் இடைமுகப் போக்குவரத்தை 32 பிட் கணக்கியில் படித்தால், 1 ஜிகாபிட் வேகத்தில் அது சுமார் 34 வினாடிக்கு ஒரு முறை நிரம்பி மீண்டும் சுழியத்துக்குச் சுற்றிவிடும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை பார்ப்பவருக்குக் கிடைக்கும் எண் பொருளற்றது. 64 பிட் கணக்கியைத்தான் படிக்க வேண்டும்.

எழுதும் உரிமை

வெளி மென்பொருள் நம் கருவியை மாற்றியமைக்க அனுமதிப்பது கடைசிப் படி. டவர் மின்சாரத்துக்கு அது தேவையே இல்லை; ஆகவே கொடுக்காதீர்கள். தேவைப்படும் இடத்தில், கருவிகளை மாற்றியமைக்கும் நெட்கான்ஃப் நெறிமுறையின் உறுதிப்படுத்தும் கமிட்டைப் பயன்படுத்துங்கள்: மாற்றம் செய்து, குறித்த நேரத்துக்குள் உறுதிசெய்யாவிட்டால் கருவி தானே பழைய நிலைக்குத் திரும்பும், நேரம் எதுவும் குறிப்பிடாவிட்டால் அது 600 வினாடி. மாற்றத்தால் மேலாண்மை இணைப்பே அறுந்தாலும் பத்து நிமிடத்தில் கருவி கைக்கு வந்துவிடும். அமைப்பின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரே ஒரு மென்பொருள்தான் எழுதலாம் என்றும் பிரித்துவிடுங்கள். இரண்டு மென்பொருள்கள் ஒரே பகுதியை எழுதினால், ஒன்று செய்ததை மற்றொன்று 'தவறான மாற்றம்' என்று நினைத்து ஒவ்வோர் இரவும் திருத்திக்கொண்டிருக்கும்.

ஒவ்வோர் இணைப்புக்கும் தனிக் கணக்கு, அதற்குத் தேவையான உரிமை மட்டும். ஒரே நிர்வாகிக் கணக்கை ஐந்து இணைப்புகள் பகிர்ந்தால், ஒன்றின் கடவுச்சொல்லை மாற்றும்போது ஐந்தும் விழும். பதிவேட்டில் யார் செய்தார் என்றும் தெரியாது. சான்றிதழ் காலாவதியாக 30 நாள் இருக்கும்போதே என்.எம்.எஸ்.ஸில் ஓர் அலாரம் வரட்டும்.

ஒப்படைக்கும் முன்

வெண்டர் காட்டும் சோதனையில் ஓர் அலாரம் எழும், ஓர் அலாரம் மறையும், எல்லாரும் தலையசைப்பார்கள். அது போதாது. பத்து சைட்டுகளைத் தேர்ந்தெடுத்து, களத்தில் ஆள் நிறுத்தி, உண்மையிலேயே மெயின்ஸைத் துண்டித்துப் பாருங்கள். நம் திரையில் எந்த சைட்டில் எத்தனை வினாடியில் வந்தது என்று குறியுங்கள். அந்தப் பத்தில் பகிர்ந்த டவர் ஒன்றும், சுழியத்தில் தொடங்கும் எண் ஒன்றும் இருக்கட்டும். இணைப்பைப் பத்து நிமிடம் அறுத்து, அந்த இடைவெளியில் ஓர் அலாரத்தை எழுப்பியும் இன்னொன்றை முடித்தும் பார்த்து, மீண்டதும் இரண்டும் சரியாகின்றனவா என்று கவனியுங்கள். பிறகு புயல்: ஒரு துணைமின்நிலையம் போனால் 300 டவர்கள், டவருக்கு மூன்று செய்தி என்றால் 900 அலாரங்கள் இரண்டு மூன்று நிமிடத்தில். செயற்கையாக அதைப் போல இரண்டு மடங்கை அனுப்பி, அனுப்பிய எண்ணிக்கையும் சேர்ந்த எண்ணிக்கையும் ஒன்றா என்று எண்ணுங்கள். குறைந்தால் பெறும் சர்வரின் யு.டி.பி. இடையகம் (பஃபர்) நிரம்பி வழிகிறதா என்பதை முதலில் பாருங்கள்.

மூலச் செய்திகளை மாற்றாமல் ஏழு நாளாவது சேமித்து வையுங்கள். "நாங்கள் அனுப்பினோம்", "எங்களுக்கு வரவில்லை" என்ற விவாதம் எல்லா இணைப்பிலும் வரும். அதைத் தீர்ப்பது அந்தச் சேமிப்பு மட்டுமே. டவர் நிறுவனம் தன் மென்பொருளைப் புதுப்பிக்கும்போது இந்தச் செய்திகளையே சோதனைச் சூழலில் புதிய பதிப்பின் செய்திகளோடு ஒப்பிடலாம். 'மெயின்ஸ் ஃபெயில்' என்றிருந்தது 'ஏ.சி. ஃபெயில்' ஆகியிருந்தால் அங்கேயே பிடிபடும். புதுப்பிப்புக்குப் பத்து நாள் முன்பே சோதனைச் சூழலில் புதிய பதிப்பைத் தர வேண்டும் என்ற வரியை ஒப்பந்தத்தில் கையெழுத்துக்கு முன் சேர்த்துவிடுங்கள். பின்னால் கேட்டால் கிடைப்பதில்லை.